தொட்டியடி வெள்ளை

முழங்காலுக்குக் கீழே எலும்பு குடைந்தது. சதைவலியாக இருந்தால் சந்தனமாரி சட்டை செய்திருக்கமாட்டாள். பதினாலு வயதில் உப்பளத்தில் இறங்கியவளுக்குச் சதைவலி கூடப்பிறந்தது மாதிரி. இது அதுவல்ல. யாரோ எலும்புக்குள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தேங்காய் மூடியைச் சுரண்டுவதுபோல விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, மணி என்ன ஆச்சு?"

"இப்பத்தானட்டி கேட்டே. இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு," என்றாள் எதிரில் நின்ற ஜெபக்கனி. "நின்னுக்கிட்டே தூங்கு. மாடு தூங்கலியா?"

"மாட்டுக்கு நாலு காலுல்லா."

தொட்டியில் நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். சிரிப்பு தண்ணீரில் சின்னதாக அலை கிளப்பியது. தொட்டியோரம் மேடையில் இருந்த திரையில் எண் ஒன்று குதித்தது. "ஆடாம நில்லுங்கம்மா," என்று ஒலிபெருக்கி சொன்னது.

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் அந்தக் கம்பெனி இருந்தது. கடல்நீரைப் பாத்தி பாத்தியாகக் காயவிட்டு உப்பை வாரிய பிறகு, கடைசியில் கொஞ்சம் கசப்புத் தண்ணீர் மிஞ்சும். முன்பெல்லாம் அதைக் கடலுக்கே திருப்பி விட்டுவிடுவார்கள். பேட்டரிக்கு லித்தியம் வேண்டும் என்று உலகமே அடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது, அந்தத் தண்ணீருக்கும் மவுசு வந்தது. லித்தியத்தை அதிலிருந்து தனியே பொறுக்கி எடுக்க ஒரு உயிர்த்தோலைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி அதற்கு வைத்த பெயர் இரண்டு வரி நீளம். பெண்கள் அதைப் பாசி என்றார்கள்.

வேலைக்குச் சேரும்போது தொடையிலிருந்து நகத்தளவு தோலை வெட்டி எடுப்பார்கள். மூன்று வாரத்தில் அது பழுப்பும் பச்சையுமாகப் பாசியாக வளர்ந்து வரும். முழங்காலிலிருந்து பாதம் வரை ஒட்டிவிடுவார்கள். உடம்பில் ஒட்டியிருந்தால் உயிரோடு இருக்கும். பிரித்தால் அரைமணி நேரத்தில் செத்துப்போகும். மெஷினில் ஒட்டிப் பார்த்தார்கள், செத்தது. ஆட்டின் காலில் ஒட்டிப் பார்த்தார்கள், ஒட்டியது. ஆனால் நாலு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க ஆடு சம்மதிக்கவில்லை. உப்பளத்துப் பெண்கள் சம்மதித்தார்கள். உச்சி வெயில் கிடையாது, கண்ணைப் பறிக்கும் வெள்ளை கிடையாது, கூலி மூன்று மடங்கு. எண்பது பேர் சேர்ந்தார்கள். ஆறு வருஷம் ஆயிற்று.

சனிக்கிழமைதோறும் தொட்டியை வடித்துவிட்டு, அடியில் படிந்த வெள்ளைப் பொருக்கை இரும்புத் தகட்டால் சுரண்டி எடுப்பதும் அவர்கள் வேலைதான். முதல் வருஷம் அதைக் குப்பையில் கொட்டினார்கள். சந்தனமாரிக்கு அது பொறுக்கவில்லை. உப்பளத்தில் எதையும் வீணாக்கிப் பழக்கமில்லாதவள். மேனேஜர் ரகுநந்தனிடம் நேராகப் போய், "இதை ஏன் சார் கொட்டுதீக? ஜிப்சம்லா இது. நாங்க பாத்தியில எத்தனை வருசம் வாரியிருக்கோம். வறுத்து சாக்பீஸ் பண்ணுங்க. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல தட்டுப்பாடு," என்றாள். ரகுநந்தனுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். ஊர்ப் பள்ளிக்கு டிஜிட்டல் பலகை வந்து, ரிப்பேராகி, மூலையில் நின்றது. கரும்பலகை நின்ற இடத்திலேயே நின்றது. கம்பெனி சாக்பீஸ் பெட்டி பெட்டியாகப் போய் இறங்கியது.

அன்றைக்கு வேலை முடிந்து வேன் ஊருக்குள் வந்து நின்றது. ஜெபக்கனி படியிலிருந்து வலது காலை ஊன்றினாள். முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம். அவள் விழவில்லை, வழுக்கவில்லை, யாரும் இடிக்கவில்லை. தொடையெலும்பு இரண்டாகிவிட்டது.

"என்னட்டி ஆச்சு எனக்கு? நான் ஒண்ணுமே செய்யலியே," என்று தரையில் உட்கார்ந்தபடி கேட்டாள். சந்தனமாரி அவளைத் தூக்கி மடியில் கிடத்தினாள். நாற்பத்தாறு வயதுக்காரி, தூக்குவதற்கு ஒன்றும் லேசாக இல்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், "இந்த அம்மா எலும்பிலிருந்து முந்நூற்றுப் பத்து கிராம் கால்சியம் போயிருக்கு. மூணுல ஒரு பங்கு எலும்பு இல்ல," என்றார். சந்தனமாரி அந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

ரகுநந்தன் ஆப்பிளோடு வந்தார். நல்ல மனிதர்தான், குரல் உயர்த்தமாட்டார். "மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா ஒப்பந்தத்துல பத்தி ஏழைப் பாருங்க. இந்த முறையில நீங்க தொழிலாளி கணக்குல வரல. வினையூக்கி கணக்குல வரீங்க. வினையூக்கிக்குத் தேய்மானம் கிடையாது. அதனால இழப்பீடும் கிடையாது."

"அது என்ன கணக்கு?" என்றாள் சந்தனமாரி.

"அது கெமிஸ்ட்ரி, அம்மா."

"அப்ப அந்த ஆப்பிளை எடுத்துட்டுப் போங்க. வினையூக்கி ஆப்பிள் திங்காதுல்லா."

ஜெபக்கனி வலியோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சந்தனமாரி வழக்குப் போடுவது என்று முடிவு செய்தாள்.

வேதித் தொழில் விசாரணை மன்றம் பழைய துறைமுகச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் நடந்தது. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்; மேசையில் கோப்புகள், தலைக்கு மேல் கத்துகிற மின்விசிறி. ரகுநந்தன் எழுந்து பொறுமையாக விளக்கினார்.

"வினையூக்கின்னா கல்யாணத் தரகர் மாதிரி மேடம். ரெண்டு குடும்பத்தைச் சேர்த்து வைப்பார். அவர் இல்லாட்டி காரியம் நடக்காது, நடந்தாலும் பத்து வருஷம் ஆகும். ஆனா கல்யாணம் முடிஞ்சதும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவார். அவர்கிட்ட ஒண்ணும் குறையாது. அறிவியல்ல இதுக்குச் சந்தேகமே இல்லாத வரையறை இருக்கு: வினையில பங்கெடுக்கும், வினையை விரைவுபடுத்தும், தான் தீராது."

"தரகருக்கு எங்க ஊர்ல செருப்பாவது தேயும் சார்," என்றாள் சந்தனமாரி.

அதிகாரி சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "உங்க முறை வரும்மா," என்றாள்.

ரகுநந்தன் எடைப் பதிவேட்டைத் திறந்தார். திங்கள் காலையில் ஒரு எடை, சனி மாலையில் ஒரு எடை, ஆறு வருஷம். யாருக்கும் குறையவில்லை. சந்தனமாரி ஒன்றரைக் கிலோ கூடியிருந்தாள். "நாற்பது தாண்டின பெண்களுக்கு எலும்பு மெலியறது இயற்கை மேடம். அதுக்குத் தொட்டி என்ன செய்யும்?"

அதிகாரி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உங்க உடம்புல ஏதோ குறைஞ்சிருக்குன்னா அது எங்கே போச்சுன்னு காட்டணும்மா. காட்டினா பத்தி ஏழு நிற்காது. காட்டாட்டி நிற்கும். எண்பது பேருக்கும் நிற்கும். பதினஞ்சு நாள் தர்றேன்."

வெளியே முப்பிடாதி காத்திருந்தாள். அவளும் அதே தொட்டிக்காரிதான், மூன்று பிள்ளைகள், புருஷன் இல்லை. "ஏட்டி, நீ செயிச்சா தொட்டிய மூடிருவான். எங்க அடுப்புல பூனை தூங்கும். தோத்தா உன் அடுப்புல மட்டும் தூங்கும். ரெண்டாவதே நடக்கட்டும்னு கும்புட்டுட்டு வந்திருக்கேன்."

"உனக்குக் காலு குடையலியா?"

முப்பிடாதி திரும்பி நடந்தாள். இடது காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பிலோமின் டீச்சரும் சந்தனமாரியும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதன் பிறகு இவள் உப்பளத்துக்குப் போனாள், அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். சாயங்காலம் மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகு சந்தனமாரி வகுப்பறைக்குள் நுழைந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி பிலோமி, வினையூக்கின்னா என்ன?"

"முப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் சந்தேகம் வந்துச்சோ?"

சந்தனமாரி சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். பிலோமின் கேட்டுக்கொண்டே கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினாள். வினையூக்கி. வினைபடுபொருள்.

"அந்த ஆள் சொன்ன வரையறை சரிதான். சொல்லை ஒட்டின எடந்தான் தப்பு. வினையூக்கிங்கிறது ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கிற மாதிரி வைக்கிறது இல்லட்டி. அந்த வினையில அது என்ன வேலை பாக்குதுங்கிறதுதான் கணக்கு. அதை ஒப்பந்தம் முடிவு பண்ணாது. தராசுதான் முடிவு பண்ணும். வினைக்கு முன்னாடி நிறு, முடிஞ்சப்புறம் நிறு. அப்படியே இருந்தா வினையூக்கி. குறைஞ்சா வினைபடுபொருள், செலவாகுற பொருள்."

"நிறுத்தாச்சே. ஒன்றரைக் கிலோ கூடியிருக்கேன்."

"கொழுப்பு, தண்ணி எல்லாத்தையும் சேத்துல்லா நிறுத்திருக்கான். வண்டியில இருந்து விறகை எறக்கிட்டு வைக்கோலை ஏத்தினா எடை சரியாத்தான் இருக்கும். எலும்பை எவன் நிறுத்தான்?" பிலோமின் வேகமாக அடிக்கோடு போட்டாள். சாக்பீஸ் ஒடிந்து பாதி தரையில் விழுந்தது. "உண்மையில அந்தப் பாசிதான் வினையூக்கியா இருக்கணும். லித்தியத்துக்கு வாசலைத் திறந்து திறந்து மூடுது. திறக்கிறதுக்குச் சுண்ணாம்புச் சத்து செலவாகும்னா அதை எங்கிருந்தாவது எடுத்துத்தானே ஆகணும்? ஆனா எடுத்ததைச் செலவழிச்சா அது தண்ணியில இறங்கணும். இறங்கினா கண்ணுல படணும். உங்க தொட்டியில அப்படி ஏதும் படியுதா?"

சந்தனமாரி குனிந்து ஒடிந்த துண்டை எடுத்தாள். மேசையில் பெட்டி இருந்தது. கம்பெனி முத்திரை, கீழே 'அன்பளிப்பு'. அவள் சாக்பீஸை நாக்கில் வைத்தாள். உப்பளத்தில் எதையும் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார்கள். மாவு மாதிரி ஒட்டியது, கரிக்கவில்லை.

"பிலோமி," என்றாள் மெதுவாக. "கடல் தண்ணி பாத்திக்கு வந்தா மொதல்ல எறங்குறது எதுன்னு தெரியுமா?"

"உப்பு."

"இல்ல. ஜிப்சம். மொதல் பாத்தியிலயே வெள்ளையா தரையில புடிச்சுக்கும். சுண்ணாம்பு அவ்வளவும் அங்கயே போயிரும். அதுக்கப்புறந்தான் உப்பு. உப்பையும் வாரினப்புறம் மிஞ்சுறதுதான் கசப்புத் தண்ணி. அதுல சுண்ணாம்புன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது. என் பதினாலு வயசுல இருந்து எனக்குத் தெரியும். தெரிஞ்சும்…" அவள் நிறுத்தினாள். "வாழ்நாள் பூரா பாத்தியில பாத்த வெள்ளைன்னு யோசிக்காம இருந்துட்டேன். இருக்கக்கூடாத தண்ணியில அது ஏன் இருக்குன்னு கேக்கல. சாக்பீஸ் பண்ணுங்கன்னு நான்தான் சொன்னேன்ட்டி. சால்வை வாங்கினேன்."

பிலோமின் தன் கையைப் பார்த்தாள். ஐந்து விரலிலும் வெள்ளைத் தூள். வழக்கமாகச் சேலை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். இப்போது துடைக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல், கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றாள்.

கரும்பலகையில் இரண்டு சொற்களும் இருந்தன. யாருடைய எலும்பால் எழுதியது என்று தெரியாது. எண்பது பேரில் யாராகவும் இருக்கலாம்.

இரண்டாவது அமர்வுக்குச் சந்தனமாரி இரண்டு கண்ணாடித் தொட்டிகளோடு வந்தாள். மீன் வளர்க்கிற தொட்டிகள். கடையில் கெஞ்சி வாங்கியது. "ஆள் இல்லாம ஒரு நாள் தொட்டிய ஓட்டிக் காட்டுங்கன்னு எழுதிக் கேட்டேன். மாட்டேன்னுட்டாவ. அதான் இங்கயே ஓட்டிக் காட்டப் போறேன்."

"இது நீதிமன்றமா, சர்க்கஸா?" என்றார் ரகுநந்தன். முதல் முறையாகக் குரல் கொஞ்சம் ஏறியது.

அதிகாரி மறுக்கவில்லை. கம்பெனியிலிருந்து சீல் வைத்து வந்த கேன் அவள் கண்முன் திறக்கப்பட்டது. ஒரே கேன் தண்ணீர், இரண்டு தொட்டியிலும் பாதிப்பாதி. சந்தனமாரியின் பாசி ஒட்டிய கால்களை மன்றத்துப் பரிசோதகர் நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவினார். ஒரு தொட்டியில் அவள் இறங்கினாள். மற்றது சும்மா இருந்தது. மணி பத்து.

"எவ்வளவு நேரம்?" என்றாள் அதிகாரி.

"ஒரு ஷிப்டு. நாலு மணி நேரம். நாங்க தெனம் நிக்கோம், நீங்க ஒரு நாள் உக்காருங்க."

அதிகாரி உட்கார்ந்தாள். மின்விசிறி கத்தியது. பதினோரு மணிக்கு யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டுக்குச் சந்தனமாரியின் எலும்புக்குள் சுரண்டல் ஆரம்பித்தது. ஆரம்பித்த இடத்தை அவளால் விரல் வைத்துக் காட்ட முடிந்திருக்கும். தொட்டியில் எதிரே ஜெபக்கனி இல்லை, பேச ஆள் இல்லை, சிரிக்க ஆள் இல்லை. ஒரு மணிக்கு வலது கால் நடுங்கிற்று. தண்ணீர் குலுங்கியது. விழுந்தால் எல்லாம் போச்சு.

பின்வரிசையிலிருந்து முப்பிடாதி எழுந்து வந்தாள். வந்து பக்கத்தில் நின்று தோளைக் கொடுத்தாள்.

"பூனைக்கு என்னட்டி பதில் சொல்லப் போறே?" என்றாள் சந்தனமாரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பூனையும் பட்டினி கெடக்கட்டும். நீ ஆடாம நில்லு மூதி. ஒலிபெருக்கி வேற இல்ல, நான்தான் சொல்லணும்."

இரண்டு மணிக்கு அவளை இரண்டு பேர் தூக்கி வெளியே எடுத்தார்கள். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்தார்கள். சும்மா இருந்த தொட்டியின் அடி, வாங்கி வந்தபோது இருந்ததுபோலவே இருந்தது. அவள் நின்ற தொட்டியின் அடியில், இரண்டு பாத அச்சையும் சுற்றி, பாலாடை மாதிரி மெல்லிய வெள்ளை படிந்திருந்தது. பரிசோதகர் கொஞ்சம் எடுத்துச் சொட்டு மருந்து விட்டார், சுடரில் காட்டினார். "கால்சியம்தான் மேடம்," என்றார்.

ரகுநந்தன் எழுந்தார். இப்படி எழுந்து நிற்கத்தான் கம்பெனி அவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. "ஒப்பந்தம் பத்தி ஒன்பது மேடம். எங்க தண்ணீர்ல உருவாகிற எந்தப் பொருளும் கம்பெனிச் சொத்து. அந்தப் படிவை எங்ககிட்ட ஒப்படைக்கணும்." சொல்லிக்கொண்டே தொட்டியின் விளிம்பைப் பிடித்தார்.

சந்தனமாரி நாற்காலியிலிருந்தபடியே குனிந்து தொட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"தொடாதீக சார். இது என் காலு."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா…"

"படுவேன். வினையூக்கி படாது, நான் படுவேன். கையை எடுங்க."

அவர் கையை எடுத்தார்.

அதிகாரி சான்றுப்பொருள் சீட்டு ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். பொருள், நாள், இடம் எல்லாம் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் நிறுத்தினாள். "உரிமையாளர்னு ஒரு கட்டம் இருக்கு. கம்பெனின்னு எழுதட்டுமா, மிஸ்டர் ரகுநந்தன்? எழுதினா, எந்த மூலப்பொருள்ல இருந்து இது வந்ததுன்னும் எழுதணும். உங்க தண்ணீர்ல இது இல்லைன்னு அந்தத் தொட்டி சொல்லுது. எதுல இருந்து வந்தது?"

ரகுநந்தன் வாயைத் திறந்தார். 'அவள் உடம்பிலிருந்து' என்று சொன்னால் பத்தி ஏழு போய்விடும். சொல்லாவிட்டால் பத்தி ஒன்பது போய்விடும். வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி கட்டத்தில் எழுதினாள்: சந்தனமாரி.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. எண்பது பேரும் வினையூக்கி அல்ல. ஜெபக்கனியின் உடம்பிலிருந்து எடுத்ததற்குக் கம்பெனி பொறுப்பு. முப்பது நாளில் ஈடு செய்ய வேண்டும். தீர்ப்பு வந்த பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து புது ஒப்பந்தம் வந்தது. சுத்தமான தாளில், நல்ல தமிழில். பத்தி ஏழில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள். வினையூக்கி இருந்த இடத்தில் வினைபடுபொருள். அடியில் ஒரு குறிப்பு: வினைபடுபொருளுக்கான விலை கூலியிலேயே அடக்கம். கூடவே ஆளுக்கு ஒரு டப்பா கால்சியம் மாத்திரை.

சந்தனமாரி அதை ஜெபக்கனியின் கட்டிலருகே உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினாள். முப்பிடாதியும் இருந்தாள், பிலோமினும் இருந்தாள்.

"மொதல்ல தரகர்னான். இப்ப விறகுன்னுட்டான்," என்றாள் முப்பிடாதி.

"ஆளுன்னு எங்கயாவது போட்டிருக்கா?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

சந்தனமாரி தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். போடவில்லை.

எண்பது பேரும் கையெழுத்துப் போடவில்லை. தொட்டிகள் காய்ந்தன. பாதிப் பேர் திரும்ப உப்பளத்துக்குப் போனார்கள்; வெயிலில் நின்று சாபம் விட்டார்கள், சந்தனமாரிக்கும் சேர்த்துத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். முப்பிடாதி வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரிந்தது, ஒரு வேளை எரியவில்லை.

பிலோமின் பள்ளிக்கூட அலமாரியில் மிச்சமிருந்த பதினோரு பெட்டி சாக்பீஸையும் பையில் போட்டுக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். "இவ்வளவுதான் இருக்கு யக்கா. மத்ததெல்லாம் எழுதியாச்சு," என்றாள். அழுதுவிடுவாள்போல இருந்தது.

ஜெபக்கனி ஒரு பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "அஞ்சு வருசமா என்னையத்தான் எழுதி எழுதி அழிச்சியோட்டி?" என்றாள். பிறகு அவளே சிரித்தாள். "சரி விடு. புள்ளைக படிச்சிருக்கும்."

முப்பது நாள் முடிந்தது. முப்பத்தோராம் நாள் காலை ஒன்பது மணிக்குச் சந்தனமாரி கம்பெனி வாசலுக்குப் போனாள். பூட்டியிருந்த இரும்புக் கதவுக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். காவலாளி, "என்னம்மா வேணும்?" என்றான்.

"ஒண்ணும் வேண்டாம். நீ உக்காரு."

மடியிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். கால் குடைந்தது; கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில், அழுத்தி, கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் எழுதினாள்.

கம்பெனி ஜெபக்கனிக்குத் தர வேண்டியது முந்நூற்றுப் பத்து கிராம் எலும்பு. இன்னும் தரவில்லை.